தையல் விட்ட இடம்

வண்டியைப் பரிசோதிக்கப் போன நான், போன சற்று நேரத்திலேயே வண்டிக்குள் மாட்டிக்கொண்டேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே மாட்டிக்கொண்டேன். ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க ஓட்டுநர் இருக்கையில் ஏறினேன். ஏறும்போது மூச்சை இழுத்துப் பிடித்திருந்தேன் போலிருக்கிறது. உட்கார்ந்ததும் விட்டேன். முன்னால் தாம்பாளம் அகலத்துக்கு ஸ்டியரிங், பின்னால் தோல் மெத்தை, நடுவில் என் தொப்பை. முழங்கால் இரண்டும் டேஷ்போர்டுக்கு முட்டுக் கொடுத்து நின்றன.

இருக்கையைப் பின்னால் தள்ளுவதற்கு அடியில் ஒரு கைப்பிடி இருந்தது. இழுத்தேன். அசையவில்லை. படித்தவன் என்பதால் இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தேன். கைப்பிடி, அதன் கம்பி, கம்பியின் நுனியில் இருந்த கொக்கி மூன்றும் கையோடு வந்துவிட்டன. இருக்கை அங்கேயேதான் இருந்தது.

"என்ன சார் சத்தம்?" என்று கேட்டுக்கொண்டு வெல்டர் வந்தார். கைப்பிடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அது நான் கடைசல் பிடிச்சு செஞ்சதுங்க. ஒரிஜினல் கிடைக்கலை."

"மன்னிச்சிடுங்க ஐயா. வெளிய வந்ததும் நானே சரி பண்ணித் தர்றேன்."

"முதல்ல வெளிய வாங்க."

வர முடியவில்லை. கடைசியில் அவருடைய மகனைக் கூப்பிட்டார். நெட்டை என்றுதான் அவனைக் கூப்பிடுகிறார்கள். கதவு நிலையில் தலை இடிக்காமல் அவன் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்திருக்க மாட்டான். என் கக்கத்தில் கை கொடுத்து, மூட்டையை லாரியிலிருந்து இறக்குவதுபோல் இறக்கினான். சட்டையின் இரண்டு பித்தான்கள் வண்டிக்குள்ளேயே தங்கிவிட்டன.

மூச்சு வந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. விபத்தன்று இந்த நெட்டை உட்கார்ந்து ஓட்டிய இருக்கை ஏன் இவ்வளவு முன்னால் இருக்கிறது?

"தம்பி, சீட்டை யார் முன்னாடி தள்ளினது?"

"மோதினதுல நகர்ந்திருக்கும் சார்."

இருக்கலாம். இருக்கை நகரும் தண்டவாளத்தின் பல்லில் கொக்கி சரியாக மாட்டியிருந்ததா, மோதிய வேகத்தில் நழுவி வந்ததா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அந்தக் கொக்கி இப்போது என் கையில் இருந்தது. விபத்தான வண்டியில் எதையும் தொடுவதற்கு முன்னால் பார், குறித்துக்கொள் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பெடுக்கிறவன் நான். வண்டி சொல்லியிருக்க வேண்டியதை நானே பிடுங்கிப் போட்டுவிட்டேன். இனி மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். மனிதர்கள் அவ்வளவு லேசில் சொல்கிறார்களா?

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பட்டறையின் தகரக் கூரையில் அது விழுந்த விழுகையில், பேசுவதென்றால் கத்த வேண்டியிருந்தது.

வண்டிக்கு சீமாட்டி என்று பெயர். தெருவே அப்படித்தான் சொல்கிறது. நீண்ட மூக்கு, யானைக் காது போன்ற மட்கார்டுகள், ஒரு காலத்தில் பெரிய இடத்து ஆட்கள் கால்மேல் கால் போட்டுக்கொண்டு போன பின்னிருக்கை. காயலான் கடையில் பாதி அழுகிக் கிடந்ததை வெல்டர் இளவயதில் வாங்கி வந்தார். சேஸிஸின், அதாவது அடிச்சட்டத்தின், பின்பாதியைத் துரு தின்றிருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டு, அதே இனத்து வேறொரு வண்டியின் பின்பாதியைக் கொண்டுவந்து ஒட்டினார். அந்த ஒட்டைத்தான் அவர் தையல் என்று சொல்வார். அதன்பிறகு ஊரில் நடக்கும் கல்யாணங்களுக்கும் படப்பிடிப்புகளுக்கும் சீமாட்டி வாடகைக்குப் போய்வந்தாள். அந்த வீட்டின் அடுப்பு பாதி அவளால் எரிந்தது, மீதி நெட்டையின் சம்பளத்தால். அவன் ஒரு தொழிற்சாலை பஸ்ஸின் ஓட்டுநர்.

போன மாதம் ஒரு மத்தியானம், மூடிக் கிடக்கும் ஆலைக்குப் பின்னால் உள்ள வளைவில், சீமாட்டி வளையாமல் நேராகப் போய்ப் பாலத்துக் கட்டைச்சுவரில் மோதினாள். நெட்டைக்கு நெற்றியில் தையல். பின்னிருக்கையில் இருந்த அவன் அம்மாவுக்கு வலது பாதம் முறிவு என்றார்கள். "வெயில்ல கண்ணு சொருகிடுச்சு" என்றான் நெட்டை. தூங்கிவிட்டேன் என்று தன் வாயாலேயே சொன்ன ஓட்டுநரை எந்தக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றும்? வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். வெல்டரோ அன்றிலிருந்து வெல்டிங் மெஷினைத் தொடவில்லை. அதன்மேல் ஒரு சாக்கு போட்டு மூடியிருந்தது.

இந்த வண்டி மறுபடி சாலையில் ஓடலாமா, வெட்டிப் போட வேண்டியதுதானா என்று சொல்லத்தான் என்னை அழைத்திருந்தார் வெல்டர். ஆனால் அவருக்கு வேண்டியது அதுவல்ல என்பது போனில் பேசும்போதே தெரிந்துவிட்டது.

"டீ ஆறுது!" என்று உள்ளிருந்து ஒரு குரல் மழையைத் தாண்டி வந்தது.

பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கதவுதான். சமையலறையில் வெல்டரின் மனைவி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, மாவுக்கட்டுப் போட்ட காலை இன்னொரு ஸ்டூலில் நீட்டி, அடுப்பைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். குள்ளமான, உருண்டையான அம்மா. கரண்டியைப் பிடித்திருந்த தினுசில் ஒரு அதிகாரம் இருந்தது.

"உக்காருங்க சார். பாத்து உக்காருங்க. அந்த நாற்காலிக்கும் கைப்பிடி இருக்கு."

செய்தி எனக்கு முன்னால் உள்ளே போயிருந்தது.

"கால் எப்படிம்மா இருக்கு?"

"அது இருக்கு அதுபாட்டுக்கு. ரொட்டி இன்னொண்ணு வைக்கட்டா?"

"பின்னாடி உக்காந்திருந்தவங்களுக்கு வழக்கமா முழங்கால்ல அடிபடும். உங்களுக்குப் பாதத்துல பட்டிருக்கே."

"என் கால் எதுதான் வழக்கமா செஞ்சுது? செருப்புக் கடையிலயே என் அளவுக்கு சின்னப்புள்ளைங்க பக்கம்தான் போகச் சொல்வான்." முட்டையைத் திருப்பிப் போட்டார். "மிளகு தூவலாமா?"

"தூவுங்க. மோதுறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சும்மா?"

"அவன்தான் சொன்னானே."

"நீங்க என்ன பாத்தீங்கன்னு கேக்கறேன்."

"பின் சீட்டுல இருந்து என்ன சார் தெரியும்? முன்னாடி மலை மாதிரி ஒருத்தன் உக்காந்திருந்தா." சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு முட்டையைத் தள்ளினார். கேள்விக்குப் பதில் கிடைக்காத வீடுகளில் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும். என் தொப்பையின் வரலாறே அதுதான்.

சாப்பிட்டுவிட்டு வேலையில் இறங்கினேன்.

சேஸிஸ் என்பது தரையில் படுக்கவைத்த ஏணி மாதிரி. நீளவாக்கில் இரண்டு சட்டம், நடுநடுவே குறுக்குச் சட்டங்கள். மற்ற எல்லாம் அதன்மேல் உட்கார்ந்திருப்பவைதான். சீமாட்டியை நாலு பக்கமும் தாங்கியில் ஏற்றி நிறுத்தினோம். சட்டத்தில் குறித்த இடங்களிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது காட்டிய இடங்களைத் தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். அப்புறம் குறுக்கும் நெடுக்குமாக நூல் பிடித்து அளந்தேன். நூலின் மறுமுனையை நெட்டை பிடித்தான். வெல்டர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் அறைக்கு வெளியே நிற்கிறவர்களின் முகம் அது.

பின்பாதி அப்படியே சதுரமாக இருந்தது. முன்பாதி ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

வண்டிக்கு அடியில் புகுந்தேன். எனக்கு முன்பே வெல்டர் ஒரு சாக்கை விரித்துப் படுத்திருந்தார். நெட்டை கேட்காத தூரத்துக்குப் போய்விட்டானா என்று பார்த்துவிட்டு, என் காதருகில் பேசினார்.

"சார், நேராவே சொல்லிடறேன். அவன் தூங்கலை."

"எப்படித் தெரியும்?"

"நான் பெத்தவன் சார். சின்ன வயசுல தொட்டில்லயே தூங்காதவன். கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டுக் கிடப்பான். பஸ்ஸுல இத்தனை வருஷத்துல கண்ணசந்தான்னு ஒருத்தன் சொன்னதில்லை. என் தையல் விட்டுப்போச்சு சார். சட்டம் இறங்கியிருக்கும், ஸ்டியரிங் திரும்பியிருக்காது. அப்பன் மானம் போயிடுமேன்னு தூங்கிட்டேன்னு சொல்லிக்கிட்டுத் திரியறான். அவன் பொழப்பு போச்சு. நீங்க தையல்தான் விட்டுச்சுன்னு எழுதிக் குடுங்க. நான் அவன் கம்பெனில போய்க் காட்டி, அவங்க காலடில வேணும்னாலும் விழுறேன்."

"விட்டிருந்தா எழுதறேன் ஐயா."

"விட்டிருக்கும் சார். எனக்குத் தெரியும். ஒட்டின அன்னைக்கு ஒரு இடத்துல கை நடுங்குச்சு. இவனுக்கு ஜுரம், உள்ள அழுதுக்கிட்டிருந்தான். மனசு அங்க, கை இங்க."

தையலைப் பார்த்தேன். நேராக வெட்டி ஒட்டவில்லை. நேர்க்கோட்டில் ஒட்டினால் பாரம் முழுவதும் அந்த ஒரு கோட்டிலேயே வந்து உட்காரும். அதனால் சாய்வாக வெட்டி, உள்பக்கம் சாய்சதுரமாக ஒரு தகடு கொடுத்து, முனைகளை மழுக்கியிருந்தார். இதைவிட நன்றாக எனக்கு வரையத் தெரியும். செய்யத் தெரியாது.

கண்ணால் பார்த்தால் போதாது. முடி அளவு விரிசலுக்கு ஒரு வழி உண்டு. சிவப்புச் சாயத்தைத் தடவி ஊறவிட வேண்டும், துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியைத் தெளிக்க வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன சிவப்பு வெள்ளையின்மேல் கசிந்து கோடாக வரும். சாயம் ஊறும்வரை சும்மா படுத்திருக்க வேண்டும். இரண்டு பேரும் மல்லாந்து படுத்து மழையைக் கேட்டோம்.

"உங்களுக்கு உதவிக்கு ஆள் யாரும் இல்லையா ஐயா?" என்றேன், பேச்சை மாற்ற.

"எதுக்கு சார்? வீட்டுல இவ இருக்காளே." முதல்முறையாக அவர் முகம் இளகியது. "பிரேக்குல காத்து எடுக்கணும்னா ஒரு ஆள் மேல உக்காந்து மிதிக்கணும், ஒரு ஆள் அடியில கிடந்து நட்டைத் திறக்கணும் இல்லையா? நான் அடியில கிடந்து 'மிதி'ம்பேன். மிதிப்பா. நட்டைத் திறந்து, காத்து போனதும் மூடிட்டு 'விடு'ம்பேன். விடுவா. நடுவுல காலை எடுத்துட்டா வெளிய போன காத்து திரும்ப உள்ள வந்துடும், செஞ்சதெல்லாம் வீண். புதுசுல ரெண்டு தடவை எடுத்துட்டா, நான் திட்டினேன். அப்புறம் ஒரு நாள் 'மிதி'ன்னு சொல்லிட்டு இருக்கறப்ப யாரோ கூப்பிட்டாங்கன்னு வெளிய போயிட்டேன். பேச்சு வளந்துடுச்சு. திரும்பி வந்து பாக்கறேன், சீட்டு நுனியில உக்காந்து, பல்லைக் கடிச்சுக்கிட்டு மிதிச்சுக்கிட்டே இருக்கா சார்! கால் நடுங்குது, எடுக்கலை. 'ஏண்டி, எடுக்கக் கூடாதா'ன்னா, 'நீங்க விடுன்னு சொல்லலையே'ங்கறா."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

"ஓட்டவும் கத்துக் கொடுத்திருக்கலாமே?"

சிரிப்பு நின்றது. "கேட்டா. இப்பவும் கேப்பா. வேண்டாம்னுட்டேன். சீமாட்டியை ஸ்டார்ட் பண்ணிட்டா நான், இல்லைன்னா நெட்டை. மூணாவது ஆள் உக்காரக் கூடாது. என் தையல்மேல எனக்கு பயம் சார். நான் ஒட்டினதுல அவ போய்..." முடிக்கவில்லை. "சாயம் ஊறியிருக்கும், துடைங்க."

துடைத்தேன். பொடியைத் தெளித்தேன். தையல் முழுக்க வெள்ளை வெளேரென்று ஆனது. டார்ச்சைக் கிட்டத்தில் பிடித்தேன். வெல்டர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். கை நடுங்கிய இடம் எது என்று நான் கேட்கவில்லை. அவர் பார்வை எங்கே நிலைத்திருந்ததோ அதுதான்.

சிவப்பு வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தோம். வரவேயில்லை.

"தையல் கல்லு மாதிரி இருக்கு ஐயா," என்றேன். நல்ல செய்தி சொல்கிற சந்தோஷத்தில் என் குரல் தேவைக்கு மேல் பொங்கியது. முன்பக்கம் ஊர்ந்து போய், சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் வில்பட்டை மாட்டியிருந்த இடத்தருகே சட்டம் மடங்கிக் கிழிந்திருந்த இடத்தைக் காட்டினேன். "இங்கதான் போயிருக்கு. பாருங்க, பழைய விரிசலா இருந்தா உள்ளே கருத்துப் போயிருக்கும். இது புதுசாக் கிழிஞ்சது, மேலாக லேசா மஞ்சள் துரு மட்டும்தான். சுவர்ல மோதினதால கிழிஞ்சது. கிழிஞ்சதால மோதலை. உங்க வேலையில குத்தமே இல்லை."

அவர் நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மெதுவாக வெளியே ஊர்ந்து போய் எழுந்து நின்றார். நூலைச் சுற்றிக்கொண்டிருந்த மகனைப் பார்த்தார்.

"அப்போ தூங்கித்தான் போயிட்டியாடா?"

நெட்டை நூலை இன்னும் ஒரு சுற்று சுற்றினான்.

"நீ எனக்காகப் பொய் சொல்றேன்னு ஊரெல்லாம் நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேன்டா. என் புள்ளைன்னு. பெத்தவளைப் பின்னாடி உக்கார வச்சுக்கிட்டுத் தூங்கியிருக்கே."

"ஆமாப்பா. அதைத்தானே முதல்ல இருந்து சொல்றேன்."

"சொன்னே. நான்தான் முட்டாள், நம்பலை." சாக்கு மூடிய மெஷின் மேலேயே போய் உட்கார்ந்தார், முதுகைக் காட்டி.

நல்லது செய்யப் போய் நான் செய்கிற காரியங்களுக்கு ஒரு தனி ராசி உண்டு. என் வீட்டில் கேட்டால் பட்டியல் தருவார்கள். அப்பனைத் தூக்கிவிட்டு மகனைத் தள்ளிவிட்டேன். நெட்டை நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தான். சுற்றி முடிந்த பிறகும் அவன் கை சுற்றிக்கொண்டிருந்தது.

செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் முன்சக்கரத்தைச் சுழற்றினேன். அது சுழன்று ஓரிடத்தில் என் உள்ளங்கையை இடறியது. நிறுத்திப் பார்த்தேன். டயரில் ஒரு கை அகலத்துக்குக் தரையைப் பற்றும் ரப்பர் கட்டைகள் வழித்தெடுத்ததுபோல் மழுங்கிப் போய், ரப்பருக்கடியில் பின்னியிருந்த நூல் தெரிந்தது. அடுத்த சக்கரத்தைச் சுழற்றினேன். அதிலும் அப்படியே.

சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொண்டு, தார் ரோட்டில் வெகுதூரம் தேய்ந்து போனால்தான் டயர் இப்படி ஆகும்.

"தம்பி, இங்க வா," என்றேன். "தூங்கறவன் பிரேக் போடுவானா?"

அவன் டயரைப் பார்த்தான். "கடைசில முழிச்சுக்கிட்டேன் சார்."

"கடைசில முழிச்சா இவ்வளவு தேயாது. நல்லா முன்னாடியே மிதிச்சிருக்கு. மிதிச்ச கால் எடுக்கவே இல்லை. நீ பஸ் டிரைவர். வழுக்கினா காலைத் தூக்கணும்னு உனக்குத் தெரியாதா? பூட்டின சக்கரம் ஸ்டியரிங் பேச்சைக் கேக்காது. கொஞ்சம் விட்டிருந்தா வண்டி வளைவுல திரும்பியிருக்கும்."

"தெரியும் சார்." அவன் நூல்கண்டை மறு கைக்கு மாற்றினான். "அந்த நேரத்துல வாயே வரலை சார்."

"வாயா? கால்தானே வரணும்?"

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். மெஷின்மேல் உட்கார்ந்திருந்த முதுகு நிமிர்ந்தது. வெல்டர் மெதுவாக எழுந்து வந்தார். டயரை விரலால் தடவினார். அப்புறம் வண்டிக்குள் எட்டி, முன்னால் தள்ளியிருந்த இருக்கையைப் பார்த்தார். அதன்மேல் என் பித்தான் ஒன்று கிடந்தது. குனிந்து, இருக்கைக்கடியில் கைவிட்டு ஒரு தலையணையை இழுத்தார். சமையலறை நாற்காலிகளில் கிடந்த அதே பூப்போட்ட உறை. குள்ளமானவர்கள் முதுகுக்கு முட்டுக் கொடுத்துக்கொள்வது.

"கேள்வி கேக்காதீங்க சார்," என்றான் நெட்டை. "நான்தான் சார். எல்லாம் நான்தான். அப்படியே எழுதிக்கங்க."

"சும்மா இருடா."

அந்த அம்மா கதவருகே நின்றிருந்தார். கக்கத்தில் ஊன்றுகோல், கையில் இன்னும் கரண்டி. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும்.

"அம்மா, நீ உள்ள போ. சத்தியம் பண்ணியிருக்கே."

"உனக்குப் பண்ணின சத்தியத்துல உன் பொழப்பு போச்சு. நேத்து வரைக்கும், ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பழியைத் தலையில போட்டுக்கறீங்களே, யாராவது ஒருத்தர் தேறி எழுந்திருப்பீங்கன்னு பாத்தேன். ஒருத்தரும் எழுந்திருக்கலை." புருஷனைப் பார்த்தார். "அந்தத் தலையணையைக் கீழ வைங்க, கிரீஸ் ஆயிடும்."

வெல்டர் வைக்கவில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் கேட்டிருக்க வேண்டியதில்லை. அந்தத் தலையணையே போதும். ஆனால் காலையிலிருந்து வளைந்து வளைந்து போன பதில்களைக் கேட்டுக் கேட்டு, நேராக ஒன்றைக் கேட்டுவிட வேண்டும் போலிருந்தது.

"அம்மா, அன்னைக்கு வண்டியை யார் ஓட்டினது?"

"நான்தான் சார் ஓட்டினேன்," என்றார். "ஆசைப்பட்டேன், ஆளில்லாத ரோடா பாத்துக் கூட்டிட்டுப் போனான். நல்லாத்தான் ஓட்டினேன். கியர்கூடச் சத்தமில்லாம விழுந்துச்சு. வளைவுகிட்ட ஒரு நாய் குறுக்க வந்துச்சு. இவன் 'மிதி'ன்னு கத்தினான். மிதிச்சேன். விடுன்னு யாரும் சொல்லலை சார். நான் எடுக்கலை."